முகலாயர் முடிஞ்சா நாங்க

அரை விலைப் புத்தகத்தில் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றால், நம் வயசுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் தூக்குவீர்கள். முழங்கால் வலியில் எழுந்திருக்க முடியாதவர்கள்கூடக் கையை மட்டுமாவது தூக்கிவிடுவீர்கள். மேல் வகுப்புக்குப் போகிறவர் பழைய புத்தகத்தைப் பாதி விலைக்கு விற்பார். வாங்குகிறவர் பழுப்புத்தாளில் அட்டை போட்டு, முந்தினவர் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்வார். முந்தினவரின் மூளையும் கொஞ்சம் இலவசமாக வரும். ஏழாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த சமூகப் பாடப் புத்தகத்தில் அக்பருக்கு மூக்குக்கண்ணாடி இருந்தது. நூர்ஜகானுக்கு மீசை.

அந்தப் புத்தகத்தில் முகலாயர்கள் முடிந்து பக்கத்தைத் திருப்பினால் 'நம் நாட்டுப் பழங்குடிகள்' என்று ஒரு சின்னப் பாடம் வரும். இடுப்பில் இலை கட்டிய ஒரு ஆள் வில்லை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிற படம் ஒன்றும் உண்டு. முந்தின சொந்தக்காரர் அந்தப் படத்தில் மட்டும் எதையும் கிறுக்கவில்லை. கிறுக்குவதற்கு ஓவியர் எதையும் மிச்சம் வைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கல்பாக்கத்தில் லாரியும் ஜல்லியுமாகக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த எழுபதுகள் அவை. அப்பாவுக்கு அங்கே ஒரு காண்டிராக்டரிடம் கணக்கு எழுதும் வேலை. பள்ளிக்கூட டீச்சரான அம்மா செங்கல்பட்டிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். புதுப்பட்டினத்தில் ஓட்டு வீடு. "ஜன்னலைத் திறந்தா கருவாடு, மூடினா புழுக்கம்" என்று அப்பா சொல்வார். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். பக்கத்தில் சவுக்குத் தோப்பு இருந்தது. காற்று பலமாக அடித்தால் டீச்சர் பேசுவது கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. அந்த பெஞ்சுக்காரர்கள் தோப்பின் மேல் தனி மரியாதை வைத்திருந்தார்கள்.

சொந்த அம்மாவே டீச்சராக வருவதைப் போன்ற கொடுமை கிடையாது. "அம்மா, புரியல" என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "இங்க யாருக்கு யார் அம்மா?" என்று என்னை பெஞ்சு மேல் ஏற்றிவிட்டாள். சாயங்காலம் அதே கையால் எண்ணெய் தடவித் தலை வாரிவிட்டாள். நானும் கோபத்தை ஆறு மணிவரைதான் வைத்திருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளை ஏரிக்கரைப் பெண் என்றே சொல்கிறேன். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். ஊருக்கு மேற்கே ஏரிக்கரை மேல் இருளர்களின் குடிசைகள் சில இருந்தன. அந்தக் கரையிலிருந்து ஏழாம் வகுப்புவரை ஏறி வந்தவள் அவள் ஒருத்திதான். அவள் தலைமுடியில் எப்போதும் விறகுப்புகை வாசனை வரும். மழைக்காலத்தில் ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவாள். மதியம் போடுகிற கோதுமை உப்புமாவின் மேல் அதைத் தூவினால், அந்த உப்புமாகூடத் தொண்டையில் இறங்கும். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. ஈசல் சைவமா அசைவமா என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவளுடைய அப்பா பாம்பு பிடித்தவர். தோல் வாங்க ஆட்கள் வருவார்கள். பிறகு சட்டம் வந்து அந்த வியாபாரம் நின்றுபோயிற்று. பாம்புகளுக்கு நல்லதுதான், பாம்பை நம்பி எரிந்த அடுப்புகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கத்து அரிசி மில்காரர் ஒருவர், குடும்பத்தோடு வந்து களத்திலேயே தங்கி வேலை செய்யச் சொல்லி அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போனால் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் வேலைதான், படிப்பு கிடையாது. பெண் அழுது அடம்பிடித்ததில் அப்பா ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்.

"ஏயாவுது பாஸ் பண்ணா, அத்த வூட்ல இருந்து படின்னுட்டாரு. பெயிலாயிட்டா மூட்டைய கட்டிகினு மில்லுக்கு வந்துடணுமாம்" என்று ஜூன் மாதமே என்னிடம் சொன்னாள். பாஸ் என்ற சொல் வாயில் வரும்போதெல்லாம் புத்தகத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள்.

புத்தகம் கைக்கு வந்த வாரமே அந்தப் பாடத்தைக் கண்டுபிடித்து என் முழங்கையை இடித்தாள். "இத்த பாரு. எங்க பேரு அச்சுல கீது. எப்ப நடத்துவாங்க?"

"முகலாயர் முடிஞ்சப்புறம்."

அன்று பிடித்தவள்தான். பாபர் செத்தால் அவளுக்கு ஒரு சந்தோஷம், ஹுமாயூன் படியில் விழுந்தால் ஒரு சந்தோஷம். "இன்னும் அவுரங்கசீப்பு ஒருத்தரு தான் பாக்கி. முகலாயருங்க முடிஞ்சா நாங்க" என்பாள். அவுரங்கசீப் அத்தனை காலம் ஆண்டது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தங்கள் பெயர் அச்சில் வந்த பெருமை என்றுதான் நானும் நினைத்தேன்.

முந்தின வருஷத்து வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. எந்தப் பாடமானாலும் மாதிரியைக் கண்ணுக்கு முன்னால் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. இலை பற்றிய பாடத்துக்கு இலை கொண்டுவருவார், பாறை பற்றிய பாடத்துக்குப் பாறை. ஆதி மனிதன் பாடத்துக்கு ஏரிக்கரைப் பெண்ணை எழுப்பி முன்னால் நிறுத்தினார். "நமக்கெல்லாம் முன்னாடி இந்த மண்ணுல இருந்தவங்க இவங்கதான். எலி புடிப்பாங்க, பாம்பு புடிப்பாங்க. நல்லா பார்த்துக்குங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நாங்களும் நன்றாகப் பார்த்தோம், சிரித்தோம். மணி அடிக்கும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இந்தக் கதை காதில் விழுந்த நாளிலிருந்தே அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. பழங்குடிப் பாடத்தை இவளை எதிரில் வைத்துக்கொண்டு எப்படி நடத்துவது என்று ஹெட்மாஸ்டரிடம் போய்க் கேட்டாள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "பழங்குடின்னா அந்தமான்ல இருக்காங்க, நீலகிரியில இருக்காங்க. நம்ம ஊர்ல ஏதும்மா? இவங்க நம்ம ஏரிக்கரை ஆளுங்க. பாடத்துல இருக்கறது வேற யாரோ" என்றார். அவர் மட்டில் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அம்மா வேறு வழியில் போனாள். ஏரிக்கரைப் பெண்ணை முதல் பெஞ்சுக்கு மாற்றினாள். கூடவே நானும் மாறினேன். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் எங்களுக்கு அடி, அவளுக்கு "நாளைக்கு எழுதிட்டு வாம்மா." கேள்வி கேட்டுக்கொண்டே வருகிற அம்மா அவள் முறை வந்ததும் தாண்டிவிடுவாள். தெரியாமல் விழித்தால் பெண் அவமானப்படுவாள் என்று பயம். காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரி பார்த்துக்கொண்டாள். ஒரு வருஷம் முழுக்க டீச்சர் தன்னை ஒரு கேள்விகூடக் கேட்காவிட்டால் அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்பது அம்மாவுக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கோ பொறாமையாக இருந்தது.

மாசி பிறந்த சமயத்தில் அவுரங்கசீப் ஒருவழியாகக் காலமானார். அன்று சாயங்காலம் அம்மா அடுத்த நாள் பாடத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். "இருளர் காட்டு இருளில் வாழ்ந்தமையால் அப்பெயர் பெற்றனர். ஆடை உடுத்த அறியாதவர். எலியும் கிழங்கும் உண்பர். நாகரிகம் இவர்களை இன்னும் எட்டவில்லை."

"புஸ்தகத்துல இருக்கறதுதானே. வாசிச்சுட்டு அடுத்த பாடத்துக்குப் போயேன்" என்றார் அப்பா.

"அந்தப் பொண்ணு எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது எந்த வாயால இதை வாசிக்கறது?"

"அப்ப விட்டுடு."

விட்டுவிடுவது என்று முடிவானதும் அம்மாவின் முகம் தெளிந்தது. அன்று ரசம்கூட நன்றாக இருந்தது. ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற நிம்மதி அது. அந்த நிம்மதியை இன்றைக்கும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. முந்தின வருஷத்து வாத்தியாரோடு ஒப்பிட்டால் என் அம்மா தங்கம்.

மறுநாள் ஏரிக்கரைப் பெண் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். பாவாடையை அலசி, காய்ந்தும் காயாததுமாகக் கட்டியிருந்தாள். புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அம்மா வந்தாள். "அடுத்த பாடம் பரீட்சைக்கு வராது. பெருக்கல் குறி போட்டுட்டு, மராட்டியர் பாடத்தை எடுங்க" என்றாள்.

ஒரு பாடம் குறைந்த ஆனந்தத்தில் வகுப்பே சரக் சரக்கென்று பெருக்கல் குறி போட்டது. நானும் போட்டேன். ஏரிக்கரைப் பெண் குறி போடவில்லை, கையைத் தூக்கினாள். அம்மா பார்த்தாள். தண்ணீர் குடிக்கவோ, வெளியே போகவோ கேட்கிறாள் என்று நினைத்து, "போய்ட்டு வா" என்று தலையை ஆட்டினாள். அவள் தூக்கின கையோடு சற்று நேரம் நின்றாள். பிறகு புத்தகத்தை மூடி, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரவில்லை.

மறுநாளும் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. "மாசி மகம் வருதில்ல, அவங்கல்லாம் மகாபலிபுரம் பீச்சுக்குப் போயிடுவாங்க. வந்தா வருவாங்க, இல்லாட்டி அப்படியே மில்லுக்குப் போயிடுவாங்க. விடுங்கம்மா" என்றார் ஹெட்மாஸ்டர்.

அம்மா விடவில்லை. வீட்டில் என்னைக் கேட்டாள். "உன் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தா? ஏதாவது சொன்னாளா?"

"அந்தப் பாடத்துக்காக ஜூன்லேர்ந்து காத்துக்கிட்டு இருந்தாம்மா."

"எந்தப் பாடத்துக்கு?"

"நீ வராதுன்னு சொன்னியே, அதுக்கு."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. மாசி மகத்தன்று முதல் பஸ்ஸில் மகாபலிபுரம் போவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

நீங்களும் மாசி மகத்துக்குப் போயிருப்பீர்கள். பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவார், நாம் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தோடு சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடுவோம். கொஞ்சம் தள்ளி, மணலில் சவுக்குக் கம்பு நட்டுப் புடவைகளைக் கட்டிக் கூடாரம் கூடாரமாக ஒரு ஊரே இறங்கியிருக்கும். அந்தப் பக்கம் நான் அதற்கு முன்னால் போனதில்லை. விறகுப்புகையும் மஞ்சளும் கடல் உப்புமாக ஒரே வாசனை. அலை தொடுகிற இடத்துக்குச் சற்று மேலே ஒவ்வொரு குடும்பமும் ஈர மணலைக் குவித்துப் படி படியாகக் கட்டி, பூவும் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கல்யாணம், ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் காது குத்து. காது குத்தப்பட்ட குழந்தை கத்தின கத்தலில் கடலே கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது.

விசாரித்து விசாரித்து ஏரிக்கரைக் கூடாரத்தைக் கண்டுபிடித்தோம். ஏரிக்கரைப் பெண் குந்தி உட்கார்ந்து மணல் படியை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். அவளுடைய அப்பா பதறிப்போய் ஒரு சாக்கை உதறி விரித்தார். "உக்காரும்மா, உக்காரு. டீச்சரம்மா இன்னாத்துக்கு இம்மாந்தூரம்?"

அம்மா சாக்கில் உட்காரவில்லை, மணலிலேயே பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இது என்ன படி?" என்று கேட்டாள்.

பெண் மணலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் அப்பாதான் சொன்னார். "எங்க கன்னியம்மா ஆத்தாளுக்கும்மா. அவ எங்க மேல கோச்சுகினு கடலுக்குள்ள பூட்டா. வருசா வருசம் வந்து, தப்பாப் பூச்சு தாயே, வா வூட்டுக்குப் போலாம்னு கூப்டுவோம். எறங்கி வர்றதுக்குப் படி."

"வந்துடுவாங்களா?"

"கூப்டுற மாரி கூப்டா வருவா" என்றார். பிறகு மகளைக் காட்டி, "இவளும் கோச்சுகினு வந்துட்டா. இன்னான்னு கேட்டா சொல்லல. நான் மில்லுக்கே வர்றேன்றா. நானா கூப்டல டீச்சரம்மா, பாஸ் பண்ணா படின்னு தான் சொன்னேன்" என்றார். அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "ஆத்தாளக் கூப்பிட வந்த எடத்துல இவளுக்கு வேற ஒரு தேங்கா ஒடைக்கணும் போல கீது" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெண் சிரிக்கவில்லை.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பாடத்தை நான் ஏன் விட்டேன் தெரியுமா?"

"எனுக்குத் தெரியாது."

"உன்னைப் பத்தி தப்புத்தப்பா எழுதியிருக்கு. உன் எதிர்ல அதை வாசிக்க எனக்கு மனசு வரல."

"தப்புன்னு எனுக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் அவள். இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் நிறையத் தண்ணீர். "புஸ்தகம் வாங்குன அன்னிக்கே அல்லாம் படிச்சிட்டேன். நீங்க நடத்தினா தானே நான் எழுந்து தப்புன்னு சொல்ல முடியும்? போன வருசம் அந்த சாரு நிக்க வெச்சாரு, பேச வுடல. நீங்க பேச வுடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க பாடத்தயே வுட்டுட்டீங்க. இப்ப அல்லாரும் அத்த சும்மா பொரட்டிப் பாத்துட்டு, அதான் நெசம்னு நெனச்சுப்பாங்க."

அலை வந்து மணல் படியின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்துவிட்டுப் போயிற்று. எனக்கு அம்மாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. டீச்சரை அல்ல, அம்மாவை. கடைசியில் அவள் சொன்னாள், "தப்பு என் மேலதான். நாளன்னிக்கு நடத்தறேன். நீ வந்தாத்தான் நடத்துவேன்."

பெண் தன் அப்பாவைப் பார்த்தாள். "போயேன். நான் சொன்ன சொல்லு சொன்னது தான். பாஸானா படி, பெயிலானா மில்லு" என்றார் அவர். அம்மாவைப் பார்த்து, "நாஸ்தா துண்ணுட்டுப் போம்மா" என்றார். அன்று என் அம்மா, முட்டை நுழையாத வீட்டுக்காரி, என்ன ஏது என்று கேட்காமல் ஒரு இலையில் கொடுத்ததைச் சாப்பிட்டாள். வள்ளிக்கிழங்குதான். ஆனால் கேட்காமல் சாப்பிட்டாள் என்பதை நான் பார்த்தேன்.

அந்தப் பாடம் நடந்த நாளை நான் சாகிறவரை மறக்க மாட்டேன், ஒரு பாதி என் சொந்த அவமானத்தினால்.

அம்மா ஒவ்வொரு வாக்கியமாக வாசித்து நிறுத்தினாள். முதல் வாக்கியத்துக்கே கை உயர்ந்தது. "தப்பு டீச்சர். நாங்க இருட்டுல வாயல. இருட்டுல போவோம், வருவோம். எங்க அப்பாக்கு அரிக்கேன் லைட்டு வோணாம், அவ்ளோ தான்."

கடைசி பெஞ்சிலிருந்து மீனவக் குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "எங்க நைனாவும் இருட்டுல தான் கடலுக்குப் போறாரு. அப்ப நாங்க யாரு டீச்சர்?"

இரண்டாவது வாக்கியம், ஆடை உடுத்த அறியாதவர். அவள் எழுந்து, தன் பாவாடையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினாள். "டீச்சர், அப்ப இது இன்னா?" வகுப்பே கொல்லென்று சிரித்தது. முந்தின வருஷம் அவளைப் பார்த்துச் சிரித்த அதே வகுப்புதான். இந்தத் தடவை புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தது.

மூன்றாவது, எலியும் கிழங்கும். "இது மட்டும் ரைட்டு டீச்சர். வயல் எலி. சுட்டா சோக்கா இருக்கும்." எல்லோரும் 'உவ்வே' என்றார்கள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா உவ்வே? இவகூட தான் எங்க வூட்டு ஈசலு துண்ணா!" என்று என்னைக் கைகாட்டிவிட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். டீச்சர் பார்வை பாதி, அம்மா பார்வை பாதி. வீட்டுக்குப் போனதும் எது முழுசாக வருமோ தெரியவில்லை. அவள் நான்காவது வாக்கியத்துக்குப் போய்விட்டாள்.

"நாகரிகம் இவர்களை இன்னும் எட்டவில்லை."

இதற்குக் கை எழும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து, "நாகரிகம்னா இன்னா டீச்சர்?" என்று கேட்டாள். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். ஒழுங்கான வீடு என்றாள், நிறுத்தினாள். படிப்பு என்றாள், நிறுத்தினாள். "எனக்கும் சரியா சொல்லத் தெரியல. இதையும் அடிச்சுடுங்க" என்றாள். மூன்று வாக்கியங்களைப் பென்சிலால் அடித்தோம். அடித்த இடத்தில் எழுதிக்கொள்ள, ஏரிக்கரைப் பெண் சொல்லச் சொல்ல அம்மா கரும்பலகையில் எழுதினாள். இருளர் ஏரிக்கரையில் இருக்கிறார்கள். எந்த மூலிகை எதற்கு என்று தெரிந்தவர்கள். மாசி மகத்தில் கடலுக்குப் போய் ஆத்தாளைக் கூப்பிடுவார்கள். ஏழாம் வகுப்புப் படிப்பார்கள். கடைசி வாக்கியத்தை அவள்தான் சேர்க்கச் சொன்னாள்.

பரீட்சைக்கு வராது என்று அம்மா சொன்னாள் அல்லவா, வந்தது. முழுப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் வெளியிலிருந்து அச்சடித்து வரும். சரியா, தவறா பகுதியில் ஒரு கேள்வி: 'இருளர் ஆடை உடுத்த அறியாதவர்.' நான் 'தவறு' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். வெளியே வந்து பார்த்தால் எல்லோரும் அதையே எழுதியிருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பையன், 'தவறு' என்று எழுதிப் பக்கத்தில் ஆச்சரியக்குறியும் போட்டதாகச் சொன்னான். ஏரிக்கரைப் பெண் மட்டும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

சமூகப் பாட விடைத்தாள்களை அம்மா வீட்டில் திருத்தினாள். நான் எட்டிப் பார்க்கக் கூடாது, எட்டிப் பார்த்தேன். கேள்வித்தாளோடு வந்த விடைக்குறிப்பில் அந்தக் கேள்விக்கு 'சரி' என்று போட்டிருந்தது. அம்மா அதைச் சட்டை செய்யாமல், 'தவறு' என்று எழுதிய ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையால் சரி போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு தாளில் கை நின்றது. ஏரிக்கரைப் பெண்ணின் தாள். அந்தக் கேள்விக்கு எதிரே 'சரி' என்று எழுதியிருந்தது.

அம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினாள். "எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க, இவளுக்கு மட்டும் நான் நடத்தினது போய்ச் சேரலையா?" என்று கேட்டாள். கடைசியில் அந்த 'சரி'க்கும் ஒரு மார்க் போட்டாள். சரி என்றாலும் மார்க், தவறு என்றாலும் மார்க். கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் மூர்ச்சையாகி விழுந்திருப்பார்.

பாஸானவர்கள் பெயரை ஒட்டின அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஏரிக்கரைப் பெண்ணின் பெயர் இருந்தது. அவளுடைய அப்பா கூடவே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, மகளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மற்றவர்கள் குதித்துக்கொண்டு ஓடினார்கள். அவள் நேராக அம்மா இருந்த அறைக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

"டீச்சர், என் சமூகப் பேப்பரக் கொஞ்சம் காட்டுவீங்களா?"

முழுப் பரீட்சைத் தாளை யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் காட்டவும் மாட்டார்கள். அம்மா கட்டை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். அவள் அந்தக் கேள்வியைத் தேடி விரலை வைத்தாள். "இதுக்கு மார்க்கு போட்டுகீறீங்க."

"ஆமாம். நீ ஏன் சரின்னு எழுதின? நீதானே அன்னிக்குத் தப்புன்னு சொன்ன?"

"தப்பு தான் டீச்சர். ஆனா பேப்பரு வெளியிலேந்து வந்துச்சில்ல? அவங்க புஸ்தகத்துல இருக்கிற மாரி தானே கேப்பாங்க. இவங்கள்லாம் ஒரு மார்க்கு பூட்டாலும் பாஸாயிடுவாங்க, தவறுன்னு எழுதலாம். எனுக்குப் பூட்டா மில்லு டீச்சர்."

அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என் பெரிய எழுத்துத் 'தவறு' எனக்குச் சும்மா கிடைத்தது.

"இப்ப பாஸாயிட்டேன்ல" என்றாள் அவள். "இந்த ஒரு மார்க்கு பூட்டா பெயிலாயிடுவேனா?"

அம்மா மேலிருந்து கீழாகக் கூட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை கூட்டினாள். "ஆக மாட்ட. பாஸ்தான்."

"அப்ப இத்த அடிச்சுடுங்க டீச்சர்."

அம்மா சிவப்பு மைப் பேனாவைத் திறந்து அவளிடமே நீட்டினாள். "இந்தா, நீயே அடி."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் அடிச்சா கிறுக்கினதுன்னு சொல்வாங்க. நீங்க அடிங்க. டீச்சர் அடிச்சா தான் அது தப்பு."

அம்மா அந்த 'சரி'யின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். பக்கத்தில் இருந்த மார்க்கை அடித்தாள், கூட்டுத்தொகையில் ஒன்றைக் குறைத்து எழுதி, கையெழுத்துப் போட்டாள். அவள் குனிந்து, மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் வெளியே போய், அப்பாவிடம் வீட்டுக்குப் போகலாம் என்றாள்.